மூன்றாவது பிளக்

தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். முப்பத்தோரு வருஷம் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் மாட்டுவதும் பழுது பார்ப்பதுமாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். வீட்டில் ஒரு குழாய் சொட்டினாலும், ஒரு ஃபேன் முனகினாலும், மற்றவர்கள் காதில் விழுவதற்கு முன்னால் ஏணியோடு வந்து நிற்பார்.

மகனும் மருமகளும் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தார்கள். கார் மருமகளுடையது, கல்யாணத்துக்கு முன்பே அவள் சம்பாதித்து வாங்கியது. கிளம்பும்போது, "ஸ்பார்க் பிளக் மாத்தற நேரம் வந்துடுச்சு மாமா, திரும்பி வந்ததும் கடையில விடணும்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். அது போதாதா அவருக்கு? சனிக்கிழமை காலையிலேயே நாலு புது பிளக்கோடு வந்து, கார் ஷெட்டில் பானெட்டைத் திறந்துவிட்டார்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதில்லை. நாலு சிலிண்டர், ஒவ்வொன்றின் தலையிலும் பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற ஒரு காயில். காயிலைக் கழற்றினால் கிணறு மாதிரி ஒரு குழி; அடியில் பிளக். பழையதைத் திருகி எடுத்து, புதியதைத் திருகி இறக்க வேண்டும். பழைய பிளக்குகளை எந்தக் குழியிலிருந்து வந்ததோ அந்த எண்ணை எழுதிக் காகிதத்தில் சுற்றி வைத்தார். முதல் பிளக் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதை எடுக்கும்போது விரலில் இருந்த எண்ணெய் வழுக்கி, பிளக் சிமெண்டுத் தரையில் விழுந்தது. கணீரென்று ஒரு சத்தம். ஒருமுறை எம்பிக் குதித்து, சக்கரத்துக்கு அடியில் போய் ஒதுங்கியது.

குனிந்து எடுத்தார். ஊதினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளைப் பீங்கானில் ஒரு கீறல்கூட இல்லை. நுனியில் இருந்த இடைவெளியை அளந்தார், மயிரிழைகூட மாறவில்லை. பிறகு, அறுபது வயது மனிதர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். சமையலறை ஜன்னலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. பிளக்கைச் சட்டையில் துடைத்து மாட்டிவிட்டார்.

மத்தியானம் வண்டியை எடுத்து ஒரு சுற்று போனார். சமதளத்தில் வெண்ணெய் மாதிரி போயிற்று. தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற ஏற்றத்தில் மிதித்தபோதுதான் வண்டிக்கு விக்கல் எடுத்தது. குலுக்கி, தயங்கி, மறுபடி குலுக்கியது. ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த பலகையில் இன்ஜின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு சிமிட்டியது. சிமிட்டிச் சிமிட்டி, கடைசியில் அணையாமல் அப்படியே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டதிலிருந்தே மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததை அவள் யாரிடம் சொல்லக்கூடாதோ அவரிடமே, அதாவது மருமகளின் அம்மாவிடம், போனில் சொல்லிவிட்டாள்.

"அவங்ககிட்ட எதுக்குடி சொன்னே?"

"பேச்சு வாக்குல வந்துடுச்சுங்க. நாளைக்கு வர்றேன்னு சொன்னாங்க."

"வந்து?"

"தெரியலை. வர்றேன்னாங்க."

சம்பந்தியம்மா பல் லேபில் வேலை பார்ப்பவர். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்கெல்லாம் பீங்கானில் பல் செய்து கொடுப்பார். கணவர் இல்லை, ஒரே மகள். சம்பந்தம் ஆகி மூன்று வருஷமாகியும் அவருக்கும் லிஃப்ட்காரருக்கும் இடையில் 'வாங்க', 'இருக்கீங்களா', 'சாப்பிட்டுப் போங்க' என்ற மூன்று வார்த்தைகளுக்கு மேல் புழங்கியதில்லை. அவர் வந்தால் இவர் ஓடிப்போய்ச் சட்டை மாட்டிக்கொள்வார். இவர் இருந்தால் அவர் நாற்காலியின் விளிம்பிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்தபோது லிஃப்ட்காரர் பனியனோடு இன்ஜினுக்குள் கவிழ்ந்து கிடந்தார். மெக்கானிக் கடை எல்லாம் விடுமுறை. சாயங்காலம் ஐந்து மணி ரயிலில் பிள்ளைகள் வருகிறார்கள். இதே காரோடு ஸ்டேஷனுக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"சட்டையெல்லாம் வேணாம் சம்பந்தி, வேலையைப் பாருங்க" என்றார் சம்பந்தியம்மா, இவர் நிமிர்ந்து தவிப்பதைப் பார்த்து. "என்ன சொல்லுது வண்டி?"

எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து உதவியிருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் இன்ஜினின் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருப்பதைப் படித்துச் சொல்லும்.

"மூணாவது சிலிண்டர் இடறுதுன்னு சொல்லுது. நான் நம்பலை. ஓட்டிக்கிட்டே இதைப் பார்க்க எனக்கு இன்னொரு ஜோடிக் கண்ணு வேணும்."

"என்கிட்ட ஒரு ஜோடி இருக்கு" என்று சம்பந்தியம்மா முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

கருவியின் திரையில் நாலு எண்கள். நாலும் பூஜ்யம். தெருவைத் தாண்டும்வரை பூஜ்யமாகவே இருந்தன. ஏற்றத்தில் சக்கரம் ஏறி, லிஃப்ட்காரர் மிதித்ததும், மூன்றாவது எண் உயிர் பெற்றது. ஐந்து. பதினொன்று. இருபத்தாறு. வண்டி குலுங்கக் குலுங்க எண் ஏறியது. மற்ற மூன்றும் அசையவில்லை. தொட்டி வாசலில் வண்டியை ஓரம் கட்டியபோது நாற்பத்தொன்று.

சம்பந்தியம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பத்தோரு தடவை இடறுச்சுன்னு இதுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் யாராவது உக்கார்ந்து எண்ணறாங்களா?"

"உள்ள யாரும் இல்லை. வெளியில ஒரே ஒரு ஆள்தான்." கேள்வி அவருக்குப் பிடித்துப்போயிற்று. முப்பத்தோரு வருஷத்தில் லிஃப்ட் பற்றிக்கூட யாரும் இப்படிக் கேட்டதில்லை. "நாலு சிலிண்டரும் சேர்ந்து சுத்தற தண்டு ஒண்ணு இருக்கு. அதோட ஒரு பல் சக்கரம். பக்கத்துல ஒரு சென்சார், ஒவ்வொரு பல்லும் தாண்டிப் போறதைப் பார்த்துக்கிட்டே இருக்கும். லிஃப்ட்லயும் இந்த மாதிரி உண்டு. ஒரு சிலிண்டர் சரியா வெடிக்கலைன்னா அந்தத் தள்ளு கிடைக்காது, தண்டு ஒரு துளி சுணங்கும். அந்த நேரத்துல தாண்டற பல்லு ஒரு துளி லேட்டா வரும். அதை வச்சுக் கண்டுபிடிச்சிடும்."

"யாரோட முறைன்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் சக்கரத்துல ரெண்டு பல்லை வேணும்னே எடுத்திருப்பாங்க. அந்த ஓட்டை வந்தா, தண்டு இந்த இடத்துல இருக்குன்னு கணக்கு."

"ரெண்டு பல்லு இல்லையா?" என்றார் சம்பந்தியம்மா. "எங்ககிட்ட அனுப்பியிருந்தா கட்டிக் குடுத்திருப்போமே."

இருவரும் சிரித்தார்கள். மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை. சிரித்து முடித்தபின் சம்பந்தியம்மா மெதுவாகக் கேட்டார்: "ஏத்தத்துல வந்தோமே, அப்ப எவ்வளவு வேகமா வெடிச்சிருக்கும்?"

அவர் மனக்கணக்குப் போட்டார். "தண்டு நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்து. சுத்துக்கு ரெண்டு வெடி. ஒரு செகண்டுக்கு நூறு."

"நூறு! அதுல ஒண்ணு தப்பினா, 'மூணாவது'ன்னு கையைக் காட்டுதா?"

"காட்டுது."

அவருக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் சொல்லிக் கேட்கும்போது அவருக்கே உடம்பு சிலிர்த்தது. நேற்றிலிருந்து அந்த ஆரஞ்சு விளக்கை ஒரு கோள்மூட்டி மாதிரி வெறுத்துக்கொண்டிருந்தார். நூறில் ஒன்று தப்பியதைக் கண்டுபிடிக்கிற காதும் கண்ணும் அதன் பின்னால் விழித்துக்கொண்டிருப்பதை அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஷெட்டுக்குத் திரும்பியதும் மூன்றாம் சிலிண்டரின் காயிலையும் ஒன்றாம் சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றினார். காயில்தான் கெட்டது என்றால் இடறல் ஒன்றுக்குப் போய்விடும். மறுபடி ஏற்றம். மறுபடி மூன்றாவது எண்தான் துள்ளியது. காயில் பழுதில்லை.

அடுத்தது பிளக். அதையும் கழற்றினார். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், பளிச்சென்று புதுசு. அதைக் காயிலில் செருகி, உடம்பை ஒரு ஒயரால் இன்ஜினோடு கட்டி, பெட்ரோல் போகாதபடி ஃபியூஸைப் பிடுங்கி வைத்தார். ஷெட்டின் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார். உள்ளே இருட்டியது. மனைவி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, "திருப்பட்டுமாங்க? கார் ஓடிடாதே?" என்றாள்.

"நியூட்ரல்லதான் இருக்கு. திருப்பு."

மோட்டார் உறுமியது. பிளக்கின் நுனியில், ஒரு கடுகு நிற்கிற இடைவெளியில், நீல நெருப்பு தைத்தது. டக், டக், டக். ஒவ்வொரு தையலுக்கும் மின்னலின் சத்தத்தைச் சுருக்கி எறும்புக்குக் கொடுத்த மாதிரி ஒரு சின்ன வெடிப்பு. சம்பந்தியம்மா மூச்சை நிறுத்திப் பார்த்தார். இத்தனை வருஷம் உலையில் ஆயிரம் டிகிரி நெருப்பைப் பார்த்துப் பழகியவர்.

"அம்மாடி" என்றார். "இது எல்லார் வண்டிக்குள்ளயும் நடந்துக்கிட்டே இருக்கா?"

"எல்லார் வண்டியிலயும்" என்றார் லிஃப்ட்காரர். பிறகு, வேண்டியதை விடக் கொஞ்சம் சத்தமாக, "பாருங்க, பிளக் நல்லாத்தான் இருக்கு. அப்ப பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர்தான் போயிருக்கணும். பெரிய வேலை. கடைக்காரன்தான் பார்க்கணும்" என்றார்.

ஷட்டரை ஏற்றியபின் சம்பந்தியம்மா அந்தப் பிளக்கைக் கையில் வாங்கி, அதன் வெள்ளை வயிற்றைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"இது பீங்கான்தானே?"

"ஆமா. கரண்ட்டு வெளியில ஓடிடாம இருக்கறதுக்கு."

"சம்பந்தி, எங்க தொழில்ல ஒரு கேஸ் வரும். பல்லு வலின்னு வருவாங்க. டாக்டர் தட்டிப் பார்ப்பார், வலிக்காது. படம் எடுப்பார், ஒண்ணும் தெரியாது. ஆனா வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டைக் கடிச்சா உயிர் போகும். சும்மா இருக்கற பல்லு வலிக்காது. கடிச்சாத்தான் வலிக்கும்." நிமிர்ந்து பார்த்தார். "இதை இப்ப வெளியில சும்மா வச்சுப் பார்த்தோம். உள்ள இதைக் கடிக்கறது யாரு?"

லிஃப்ட்காரர் திறந்து கிடந்த மூன்றாவது குழியைப் பார்த்தார்.

உள்ளே கடிக்க ஆள் உண்டு. பிஸ்டன் மேலே வந்து காற்றையும் பெட்ரோலையும் பத்தில் ஒரு பங்காக நெரிக்கும். அந்த நெரிசலுக்குள் பொறி தாண்டுவது, வெளியில் தாண்டுவதை விடப் பல மடங்கு கஷ்டம். ஏற்றத்தில் மிதித்தால் நெரிசல் இன்னும் கூடும். அப்போது மின்சாரம் வேறு சுலபமான வழி இருந்தால் அந்தப் பக்கம் ஓடிவிடும். இது அவருக்குத் தெரியாதது இல்லை. தெரிந்துகொள்ள விரும்பாமல் நேற்றிலிருந்து ஒதுக்கி வைத்திருந்தது.

"அதுக்கு எங்க டாக்டர் ஒரு வழி வச்சிருக்கார்" என்று சம்பந்தியம்மா கைப்பையைத் துழாவி, பேனா தடிமனில் ஒரு விளக்கை எடுத்தார். நுனி பென்சில் முனையைப் போல் கூர்மையாக இருந்தது. "முன்னாலிருந்து அடிக்கக்கூடாது. பக்கத்துல ஒட்டி வைக்கணும். அண்ணி, அந்த ஷட்டரை மறுபடி இறக்குங்க."

இருட்டில் விளக்கின் நுனியைப் பீங்கானோடு ஒட்டி வைத்தார். வெளிச்சம் பீங்கானுக்குள் பால் மாதிரி பரவியது. வெளியில் மூடி வைத்த வெள்ளை, உள்ளுக்குள் மஞ்சளாகக் கனிந்தது. மெதுவாக உருட்டினார். கால் சுற்று. அரைச் சுற்று. சட்டென்று அந்தப் பால் ஒரு கோட்டில் நின்றுபோனது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வெளிச்சம், அந்தப் பக்கம் இருட்டு. கத்தியால் வெட்டிய மாதிரி.

"விரிசல்" என்றார் சம்பந்தியம்மா, கிசுகிசுப்பாக. "வெளிச்சம் நம்மளை மாதிரி இல்லை. தலைமுடியில பத்துல ஒரு பங்கு இடைவெளி இருந்தாலும் தாண்டாது."

லிஃப்ட்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டே வந்தார். விளக்கை எடுத்தால் கோடு மறைந்தது. முன்பு போலவே பளிங்கு மாதிரியான, குறை சொல்ல முடியாத பீங்கான். விளக்கை வைத்தால் கோடு திரும்பியது. வைத்தும் எடுத்தும் நாலைந்து முறை பார்த்தார். நேற்று இதே பீங்கானை இதே கண்ணால்தான் பார்த்தார்.

"கை தவறிடுச்சு சம்பந்தியம்மா" என்றார். "நேத்து. மாட்டறப்ப. யாரும் பார்க்கலைன்னு துடைச்சு மாட்டிட்டேன்."

மனைவி கார் சீட்டிலிருந்து, "என்னது?" என்றாள்.

சம்பந்தியம்மா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. கண் இன்னும் கோட்டில்தான் இருந்தது. "எவ்வளவு உயரத்துல இருந்து?"

"இடுப்பு உயரம்."

"சிமெண்டுத் தரையா?"

"ஆமா."

"எந்தப் பக்கம் முதல்ல பட்டுச்சுன்னு தெரியுமா?"

"நுனி மேல பார்த்து விழுந்துச்சுன்னு நினைக்கிறேன்."

சம்பந்தியம்மா தலையாட்டினார். ஒரு டாக்டர் நோயாளியிடம் கேட்கிற கேள்விகள் மாதிரிதான் இருந்தன. கண்டிக்கவும் இல்லை, பரவாயில்லை என்று தேற்றவும் இல்லை. லிஃப்ட்காரருக்கு நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிப்போனது அதனால்தான் என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னார்.

கடை திறக்காது. காகிதத்தில் சுற்றி வைத்த பழைய பிளக்குகளில் மூன்று என்று எழுதியதைப் பிரித்து, தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, அதன் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். கருவியால் பழைய கணக்கை அழித்ததும் ஆரஞ்சு விளக்கு அணைந்தது. இந்த முறை மனைவியும் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஏற்றத்தில் ஏறும்போது மூவரும் திரையையே பார்த்தார்கள். ஓட்டுகிறவராவது ரோட்டைப் பார்க்க வேண்டும் என்று மனைவி இரண்டு முறை கத்தினாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். தொட்டியைச் சுற்றி இன்னொரு தடவை ஏறினார்கள். பூஜ்யம்தான்.

"இப்ப மட்டும் எத்தனை ஆயிரம் தடவை வெடிச்சிருக்கும்!" என்றார் சம்பந்தியம்மா. "ஒண்ணுகூடத் தப்பலை. நமக்கு ஒரு சத்தமாத்தான் கேக்குது."

ஐந்து மணிக்கு ஸ்டேஷனில் மருமகள் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டாள். வீடு வருவதற்குள் லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். விழுந்ததையும், ஜன்னலை எட்டிப் பார்த்ததையும்கூட. மகன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மருமகள் மட்டும், "எங்கம்மா ஏத்தத்துல வந்தாங்களா? உங்ககூட? சீட்ல நல்லா சாஞ்சு உக்கார்ந்தாங்களா?" என்று அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை கடை திறந்ததும் புது பிளக் ஒன்று வாங்கி மாட்டினார். இரண்டு கையாலும் பிடித்து.

உடைந்த பிளக்கைச் சம்பந்தியம்மா கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார். புதன்கிழமை மத்தியானம் லிஃப்ட்காரரின் போனுக்கே கூப்பிட்டார். இதுவரை எது என்றாலும் மனைவியின் போனுக்குத்தான் வரும்.

"அண்ணா, கொஞ்சம் லேபுக்கு வர முடியுமா? அதை அறுத்துட்டேன்."

பஸ் பிடித்துப் போனார். மாடியில் நீளமான ஒரு அறை. சுவரோரம் மேஜைகள், மேஜைக்கு மேஜை பிளாஸ்டர் தாடைகள், வாயைத் திறந்துகொண்டு. மூலையில் சின்ன உலைகள். எங்கும் மாவு மாதிரி வெள்ளைத் தூசி. சம்பந்தியம்மா ஏப்ரனோடு எழுந்து வந்தார், நெற்றியிலும் தூசி.

"ரெண்டு நாள் சாப்பாட்டு நேரம் போச்சு. வைரத் தட்டு வச்சுத்தான் அறுத்தேன். எங்க பீங்கான் மாதிரி இல்லை, இது கல்லு. உக்காருங்க, இந்தக் கண்ணுல பாருங்க."

மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். முதலில் வெள்ளை மட்டும் தெரிந்தது. சம்பந்தியம்மா ஒரு திருகைத் திருப்பியதும் காட்சி தெளிந்தது. பனிப்பாறையைப் பிளந்து உள்ளே போன மாதிரி ஒரு சுவர். ஒரு ஓரத்தில் நடுக்கம்பி, மறு ஓரத்தில் இரும்பு உடம்பு. இரண்டுக்கும் நடுவில் வெள்ளைச் சுவரின் மேல் கறுப்பில் ஒரு நதி. நடுக்கம்பியில் பிறந்து, கிளை பிரிந்து, கிளைகளும் கிளை பிரிந்து, மறுபடி ஒன்று சேர்ந்து இரும்பில் போய் விழுந்தது.

"இது என்ன?"

"நீங்கதான் சொல்லணும். பீங்கான்ல கறுப்பு கிடையாது."

அவருக்குப் புரிந்தது. ஏற்றத்தில் வழி மாறி ஓடிய மின்சாரம், ஒவ்வொரு முறையும் போன தடத்தைச் சுட்டுவிட்டுப் போயிருக்கிறது. திரையில் ஐந்து, பதினொன்று, இருபத்தாறு என்று எண்ணாகப் பார்த்தது இதைத்தான். மின்னல் நடந்த பாதை. மழைக்காலத்து வானத்தில் கண் இமைப்பதற்குள் மறைகிற அதே கொடி, இங்கே அசையாமல் நின்று, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள் என்றது.

அவர் நிமிரவே இல்லை. கழுத்து வலித்தது. பக்கத்து மேஜைப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இன்னொண்ணு பாருங்க" என்று சம்பந்தியம்மா தட்டை ஒரு நூல் நகர்த்தினார். "விரிசல் முழுசாச் சுத்தி வரலை. முக்கால்வாசி வந்துட்டு இங்க நின்னுடுச்சு. இந்த இடத்துல பீங்கான்ல எந்த வித்தியாசமும் இல்லை, நான் சாயம் போட்டுக்கூடப் பார்த்துட்டேன். ஏன் இங்க நின்னுச்சுன்னு எனக்குத் தெரியலை."

கோடு இளைத்து, இன்னும் இளைத்து, ஒரு புள்ளியில் வெள்ளைக்குள் கரைந்திருந்தது. அதற்கு அப்பால் வெறும் வெண்மை.

"எனக்கும் தெரியலை" என்றார் லிஃப்ட்காரர். கண்ணை எடுக்காமலேயே, "இன்னும் கொஞ்சம் பெருசாக்க முடியுமாம்மா?" என்று கேட்டார்.

சம்பந்தியம்மா அடுத்த லென்ஸைத் திருப்பி வைத்தார்.